சுவிசேஷமுத்து ஜெபித்த பிரதமர்கள்

"இந்த நாப்பது வருசமா இந்தியாவுல பிரதமரா இருந்த அத்தனை பேரையும் பேர் சொல்லி ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்தவன் நான். ஒருத்தருக்குக் கூட்டியும் சொல்லல, ஒருத்தருக்குக் குறைச்சும் சொல்லல. அந்த மேடையில நின்னுக்கிட்டு என் வீட்டுக்குன்னு ஒத்த வார்த்தை கேட்டதில்ல. சாகிற வரைக்கும் கேக்கவும் மாட்டேன்!"

மராத்தி பேசும் ஊரான தாபோடியில், தமிழ்ச் சபையின் கூடத்தில், தோளில் சரிகைச் சால்வையும் கையில் பரிசாகக் கிடைத்த சுவர்க்கடிகாரமுமாக நின்று சுவிசேஷமுத்து இப்படி முழங்கியபோது ஜனங்கள் பலமாகக் கைதட்டினார்கள். பிரியாணி வந்துவிட்டது என்று அப்போதுதான் வாசலிலிருந்து சைகை காட்டியிருந்தார்கள் என்பதையும் இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முதல் வரிசையில் இருந்த அவருடைய மனைவி பாக்கியவதி மட்டும் தட்டவில்லை. அவள் மடியில் கடிகாரத்தின் அட்டைப்பெட்டி இருந்தது.

இது நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அந்தக் கடிகாரம் ஆறு மாதத்தில் நின்றுபோயிற்று. சுவிசேஷமுத்து நிற்கவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொன்னால், ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பாட்டுக்கு முன்னால் ஒரு பொது ஜெபம் உண்டு. ஒருவர் மேடையேறி, திருச்சபைக்காக, மழைக்காக, வியாதியஸ்தருக்காக, ஆளுகிறவர்களுக்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வொன்றின் முடிவிலும் ஜனங்கள் "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்று பதில் கொடுக்க வேண்டும். மற்ற சபைகளில் ஆளுகிறவர்களுக்கு அரை வரியோடு சரி. தாபோடியில் அப்படி விட முடியாது. அங்கே சபையில் பாதிப் பேர் ராணுவத்திலும் ராணுவத்தைச் சுற்றிய அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்கள். சம்பளம் டில்லியிலிருந்து வந்தது. ஆகவே பிரதமருக்குத் தனி ஜெபம், அதுவும் பெயர் சொல்லி.

நாடு விடுதலையான வருஷத்திலேயே தொடங்கிய வழக்கம் என்பார்கள். நேரு காலம் முழுக்க ஜெபத்தை நடத்தியவருக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. ஒரே பெயர், நாக்கு தானாகவே போய்வரும். நந்தாவுக்கு இரண்டு முறை ஜெபித்தார்கள். இரண்டு முறையும் ஜனங்களுக்குப் பெயர் பழகுவதற்குள் ஆள் மாறிவிட்டார். சாஸ்திரிக்கு நீண்ட ஆயுள் கேட்டார்கள். இரண்டு வருஷம்கூடக் கொடுக்கப்படவில்லை. அதன்பிறகு இந்திரா காந்தி. நெருக்கடி நிலை வந்தபோது மேடையில் இருந்தவர் ஒரு ஹெட் கிளார்க். அவர் பிரதமருக்காக மட்டும் ஜெபித்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இருபது அம்சத் திட்டத்தையும் சேர்த்து ஜெபித்தார். அம்சம் அம்சமாக ஜெபித்தார். ஜெபத்தின் ஓரத்தில், அதே சபையில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த தன் மேலதிகாரியின் சுகத்துக்காகவும் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டார். பதவி உயர்வும் பெற்றார்.

எழுபத்தேழு மார்ச்சில் தேர்தல் முடிவு வந்ததும் ஹெட் கிளார்க்குக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. புதிய பிரதமருக்கு ஜெபிக்கச் சபையில் யாருக்கும் வாய் வரவில்லை. அப்போது கடைசிப் பெஞ்சில் இருந்தவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து ராணுவப் பொறியியல் கல்லூரியின் ஸ்டோரில் குமாஸ்தாவாகச் சேர்ந்து இரண்டு வருஷமே ஆன சுவிசேஷமுத்து. அவருக்கு அரசியல் தெரியாது. அதையே தகுதியாகக் கருதி மேடையேற்றினார்கள்.

மேடையேறும்போது அந்த இளைஞர் மனதுக்குள் ஒரு பொருத்தனை செய்துகொண்டார். ஹெட் கிளார்க் மாதிரி, இந்த இடத்தில் நின்று தனக்கென்றோ தன்னைச் சேர்ந்தவர்களுக்கென்றோ எதுவும் கேட்பதில்லை. நல்ல பொருத்தனைதான். இருபத்தைந்து வயதில், கல்யாணம் ஆகாமல் இருக்கும்போது, யாரும் செய்யக்கூடிய பொருத்தனை.

மொரார்ஜி தேசாய்க்காக ஜெபித்த காலம் கொஞ்சம் இடைஞ்சலானது. மதுவிலக்கு வருகிறது என்ற பேச்சு அடிபட்டதால், கான்டீன் ரம்மை நம்பியிருந்த சில மூப்பர்கள் அவருடைய ஆயுளுக்கு மட்டும் பதில் கொடுத்தார்கள், ஞானத்துக்குக் கொடுக்கவில்லை. அடுத்து சரண் சிங். நாடாளுமன்றம் அவரைப் பிரதமராக ஒரு நாள்கூடச் சந்திக்கவில்லை. தாபோடிச் சபை மாதக்கணக்கில் ஞாயிறு தவறாமல் சந்தித்தது. பிறகு மறுபடி இந்திரா காந்தி வந்தபோது ஒரு தகராறு. "நீர் தெரிந்துகொண்ட பிரதமர்" என்று சொல்ல வேண்டும் என்றது ஒரு கட்சி. "நீர் அனுமதித்த பிரதமர்" என்பதே சரி, ஆண்டவர் எகிப்தில் வெட்டுக்கிளியையும் அனுமதித்தார் என்றது மறுகட்சி. சுவிசேஷமுத்து இரண்டு ராத்திரி யோசித்து, இனி எவர் வந்தாலும் போனாலும் மாறாத ஒரு வாக்கியத்தைச் செய்தார்:

"எங்களை ஆளும்படி நீர் அனுமதித்த இன்னாருக்கு, ஞானமும் சுகமும் நீண்ட ஆயுளும் கட்டளையிட்டருளும்."

இன்னார் இருக்கும் இடத்தில் மட்டும் பெயர் மாறும். நல்லவர், கெட்டவர், பேசுகிறவர், பேசாதவர், கூட்டணியில் தொங்குகிறவர் எல்லோருக்கும் ஒரே அளவு.

அளவு ஒன்றாக இருந்ததே ஒழிய, அது எங்கே போதவில்லை என்பதை அவர் பார்க்கவில்லை. எண்பத்து நாலில் இந்திரா காந்தி கொல்லப்பட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை, புதிய பிரதமர் ராஜீவ் காந்திக்கு ஞானமும் சுகமும் நீண்ட ஆயுளும் கேட்டார். அந்த வாரம் டில்லித் தெருக்களில் கொல்லப்பட்ட சீக்கியர்களுக்கு ஜெபத்தில் இடம் இருக்கவில்லை. ஆளுகிறவர்களுக்குத்தான் தலைப்பு உண்டு, ஆளப்படுகிறவர்களுக்கு இல்லை. ஸ்டோரில் அவருக்குப் பக்கத்து மேஜைக்காரர் ஒரு சர்தார்ஜி. திங்கட்கிழமை அவர் "நேற்று கோயிலில் எங்களுக்காக ஏதாவது சொன்னீர்களா?" என்று ஹிந்தியில் கேட்டபோது, சுவிசேஷமுத்து உண்மையைச் சொன்னார். "பிரதமருக்காகச் சொன்னேன்." சர்தார்ஜி தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து டீ குடித்ததில்லை.

வி.பி.சிங், சந்திரசேகர் என்று பெயர்கள் ஓடின. நரசிம்ம ராவ் ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தார். வாஜ்பாய் முதல் தடவை வந்தபோது இரண்டே ஞாயிறு. தொண்ணூற்றேழில் ஈஸ்டருக்கு தேவ கௌடா, கிறிஸ்துமஸுக்கு குஜ்ரால். அந்தக் காலத்தில் சுவிசேஷமுத்து சனிக்கிழமை ராத்திரி ரேடியோ கேட்காமல் படுக்கமாட்டார். டில்லியில் கவிழ்வது தாபோடியில் தவறாகிவிடக் கூடாதே!

அப்படியும் ஒரு முறை தவறியது. இரண்டாயிரத்து நாலு மே மாதம், தேர்தல் முடிவு வியாழக்கிழமை வந்தது. சோனியா காந்திதான் பிரதமர் என்று ஊரே சொன்னது, பேப்பர் சொன்னது, சுவிசேஷமுத்துவும் ஞாயிற்றுக்கிழமை மேடையேறிப் பெயர் சொல்லி ஜெபித்தார். செவ்வாய்க்கிழமை அந்த அம்மையார் பதவி வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த ஞாயிறு மன்மோகன் சிங்.

"அண்ணாச்சி, போன வாரம் போட்ட ஜெபம் விலாசதாரர் இல்லன்னு திரும்பி வந்துட்டா?" என்று கோயில் வாசலிலேயே கேட்டார்கள்.

"நான் ஜெபிச்சது பதவிக்கு வே, ஆளுக்கு இல்ல" என்றார் சுவிசேஷமுத்து.

பதவிக்குத்தான் என்றால் பெயர் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாட்டுக்கு எப்படியோ, பாக்கியவதிக்கு நல்லதாக இருந்திருக்கும்.

அந்தக் கேள்வி வர இன்னும் இருபது வருஷம் ஆயிற்று. கொண்டுவந்தவர் சபைச் செயலாளர் ஜெயந்த். வங்கியில் வேலை, நாற்பத்தைந்து வயது, எதையும் சண்டையில்லாமல் முடிக்கப் பார்க்கிறவர். இப்போதைய பிரதமரின் பெயர் பத்து வருஷத்துக்கு மேலாக மாறாமல் இருந்ததால், சுவிசேஷமுத்துவுக்கு அது மூச்சு விடுவதுபோல் ஆகியிருந்தது. சபைக்கு அப்படியில்லை.

"அண்ணாச்சி, பிரதமர்னு பொதுவா சொன்னா போதாதா?" என்று ஜெயந்த் கமிட்டியில் ஆரம்பித்தார். "பேரைச் சொன்னா ஒரு குரூப்பு எந்திரிச்சு வெளிய போவுது. சொல்லலன்னா இன்னொரு குரூப்பு பயப்படுது. ஆராதனை வீடியோ யூட்யூப்ல போவுதே, யாராவது பாத்துட்டு ஏன் பேரைச் சொல்லலன்னு கேட்டா என்ன பண்றதுங்காவ."

"எந்திரிச்சுப் போறவன் எங்க போறான்?"

"எதுத்தாப்புல வடாபாவ் வண்டிக்குத்தான்."

"அப்ப அது கொள்கை இல்ல வே, பசி."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயந்த் விடவில்லை. "நேரமும் பாக்கணும் அண்ணாச்சி. பத்து மணிக்கு மராத்திச் சபைக்குக் கோயிலை விட்டாகணும். போன வாரமும் அவுக மூப்பர் ஜன்னல் வழியா 'ஜாலா கா, முடிஞ்சிட்டா'ன்னு கேட்டுக்கிட்டே நிக்காரு. நமக்கோ ஜெபமே முடியல."

நேரம் என்றதும் சுவிசேஷமுத்துவுக்கு வழி தெரிந்துவிட்டது. ஸ்டோரில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். எதைக் குறைத்தால் யார் கேட்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"நேரம் எங்க போவுதுன்னு நான் சொல்லுதேன். வியாதியஸ்தர் ஜெபத்துல போவுது. முன்னால நாலு பேரு இருந்தாக. இன்னைக்கு நாப்பது பேரு. அதுலயும் பாதி வியாதியே இல்ல, மருமகனுக்கு விசா, பேத்திக்கு அட்மிசன். பிரதமர் ஒரே ஆளு. இவுக நாப்பது பேரு. யாரைக் குறைக்கிறது நியாயம்? 'வியாதியஸ்தர் அனைவருக்காகவும்'னு ஒரு வரி போதும். தேவனுக்கு எல்லார் பேரும் தெரியும்."

ஒருவரைக் குறைப்பதைவிட நாற்பது பேரைக் குறைப்பதே சுலபம் என்பது கமிட்டிக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. இந்த நாட்டில் ஆட்சிக்கு வந்த எல்லோருக்குமே அது அப்படித்தான் பட்டிருக்கிறது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பிரதமரின் பெயர் தப்பியது. நோயாளிகளின் பெயர்கள் போயின.

முதல் வாரமே ராஜி வந்து நின்றாள். அவளுடைய கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஞாயிற்றுக்கிழமை தன் பெயர் கோயிலில் வாசிக்கப்படுவதைப் போனில் கேட்பதுதான் அந்த மனிதருக்கு அந்த வாரத்தில் நடக்கிற ஒரே நல்ல காரியம்.

"அண்ணாச்சி, அவுக பேரை மட்டும் ஒருக்கா சொல்லிரக் கூடாதா?"

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்லம்மா. அனைவருக்காகவும்னு சொல்லுதேன்ல, அதுல அவரும் அடக்கம்."

"அப்பம் பிரதமரும் அதுல அடக்கந்தான அண்ணாச்சி? அவருக்கு மட்டும் என்னத்துக்குத் தனியா?"

யாராவது இப்படி மடக்கினால் சுவிசேஷமுத்து பைபிளை மூடி அக்குளில் வைத்துக்கொள்வார். வைத்துக்கொண்டார். ராஜி அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை. ஆனால் கோயிலுக்கு வருவதை நிறுத்தவுமில்லை. நேர் எதிரே, இரண்டாவது பெஞ்சில், அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார ஆரம்பித்தாள்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. நாலாவது மாதம் பாக்கியவதிக்கு வயிற்றில் கட்டி என்று ஸ்கேன் சொன்னது. பிம்ப்ரியில் ஓர் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். எந்த மாதிரிக் கட்டி என்று கேட்டதற்கு, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் கைவிரித்தார்.

அன்று சாயங்காலம் பாக்கியவதி சமையலறையில் தரையில் உட்கார்ந்து வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் பாடம் சொன்னவள். எதையும் ஒரு தடவைதான் சொல்வாள்.

"அத்தான், ஞாயித்துக்கிழமை என் பேரைச் சொல்லி ஜெபிச்சிருங்க" என்றாள், வரும்போது ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வந்திருங்க என்கிற குரலில்.

சுவிசேஷமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரு சொல்லுத வழக்கத்தைத்தான் எடுத்தாச்சேட்டி. கமிட்டித் தீர்மானம்."

"யாரு கொண்டாந்த தீர்மானம்?"

"சபை ஏகமனதா..."

"யாரு கொண்டாந்ததுன்னு கேக்கேன்."

"நான்தான்."

"அப்ப பிரதமர் பேரையும் எடுத்தாச்சோ?"

"அதை எப்படி எடுக்க? அது பதவில்லா."

பாக்கியவதி ஒரு காம்பைக் கிள்ளினாள். "கிரேக் பொறக்கையில மூணு நாளு வலியில கெடந்தேன். நீங்க கோயில்ல சரண் சிங்குக்கு ஞானமும் சுகமும் கேட்டுக்கிட்டு நின்னீங்க. அவரு என்ன உங்களுக்கு மாமனா, மச்சானா?"

"அன்னைக்கு அவருதான..."

"கர்ப்பப்பைய எடுத்தாங்களே, அப்ப யாரு? வாஜ்பாயி. அவரு பிரதமரா இருந்ததே பதிமூணு நாளு. அவருக்கு ரெண்டு ஞாயிறு கெடச்சுது. அவரு எறங்கின பெறவும் நான் ஆஸ்பத்திரியிலதான் கெடந்தேன். எனக்கு எத்தன ஞாயிறு?"

"வியாதியஸ்தர்னு பொதுவா சொல்லையில உன்னையும் நெனச்சுக்கிட்டுத்தான்..."

"சவத்த, அந்தப் பொதுவைத் தூக்கிக் குப்பையில போடுங்க. பிரதமரே ஆகாதவுகளுக்கு ஒரு ஞாயிறு ஜெபிச்ச மனுசன்தான நீங்க? நான் உங்களுக்குப் பொண்டாட்டி ஆகியாச்சு அத்தான். ஆகி நாப்பத்தாறு வருசம் ஆச்சு."

இதற்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் சுவிசேஷமுத்து நின்றார். பிறகு, தான் நேர்மையானவர் என்பது அவருக்கு நினைவு வந்தது. "கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லா பாக்கியம். ராஜிக்கு மாட்டேன்னுட்டு உனக்கு மட்டும் சொன்னா, சபையில எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்க?"

"உங்க மூஞ்சிக்கு என்ன, அது அப்படியேதான் இருக்கும். எனக்குத்தான் திங்கக்கிழமைக்குப் பெறவு என்ன இருக்கும்னு தெரியல."

கீரை ஆய்ந்து முடிந்திருந்தது. அவள் காம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜராக இருக்கிற மகன் கிரேக் மறுநாள் போனில் கூப்பிட்டான். அவனுடைய தமிழ் வீட்டுக்குள் மட்டும் ஓடுகிற வண்டி.

"டாடி, மம்மி ரொம்ப அப்செட். ஒரு நேம்தானே? டூ செகண்ட்ஸ்."

"ரெண்டு செகண்டு இல்லடா. நாப்பத்தெட்டு வருசம்."

"எங்க கம்பெனில ரூல் போடறவருக்குத்தான் டாடி ஃபர்ஸ்ட் எக்ஸெப்ஷன்."

"அதனாலதான் அது கம்பெனி. இது கோயிலு."

"ஓகே டாடி" என்று கிரேக் வைத்துவிட்டான். அப்பாவை மாற்ற முடியாது என்பதை அவன் பள்ளிக்கூட நாளிலேயே கற்றிருந்தான். ஊரில் எல்லா அப்பாக்களும் ஹால் டிக்கெட்டோடு கோயிலுக்குப் போய்ப் பிள்ளைக்கு ஜெபம் வாங்கிவந்த பத்தாம் வகுப்புப் பரீட்சையின்போது, இவனுடைய அப்பா நரசிம்ம ராவைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது வாஜ்பாயை. யாரென்று அவனுக்கு மறந்துவிட்டது. மார்க் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெயந்த்தும் பேசினார். "மதினிக்கு ஆபரேசன்னு கேள்விப்பட்டேன். உங்க வீட்டுக்குன்னா சொல்லிக்கிடலாம் அண்ணாச்சி. யாரு என்ன சொல்லப் போறா?"

"ராஜி சொல்லுவா" என்றார் சுவிசேஷமுத்து.

"அவ உங்ககிட்டதான் பேசுறதே இல்லையே."

"பேசாமலே சொல்லுவா வே."

சனிக்கிழமை பாக்கியவதியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு கட்டில் உள்ள வார்டு. பக்கத்துக் கட்டிலில் ஒரு மராத்திப் பெண், அவளைச் சுற்றி அவள் குடும்பம், டப்பா டப்பாவாகச் சாப்பாடு, ஒருவர் மாற்றி ஒருவர் அவள் நெற்றியில் விபூதி மாதிரி ஏதோ பூசிக்கொண்டிருந்தார்கள். அவள் பெயர் என்ன என்று சுவிசேஷமுத்துவுக்குப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அத்தனை பேர் அதைச் சொல்லிக் கும்பிட்டார்கள்.

பாக்கியவதி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, "நாளைக்குக் காலைல இங்க ஓடி வர வேண்டாம். கிரேக் இருப்பான். நீங்க டில்லியைக் கவனிச்சிட்டு வாங்க" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மேடையேறினார். திருச்சபைக்காக ஜெபித்தார். ஜனங்கள் பதில் கொடுத்தார்கள். மழைக்காக ஜெபித்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, அதற்கும் பதில் கொடுத்தார்கள். "வியாதியஸ்தர் அனைவருக்காகவும்" என்ற ஒரு வரி வந்தது. அங்கே ஒரு பெயரை வைக்க இடம் இல்லை. இடத்தை அவரே அடைத்திருந்தார், கமிட்டி சாட்சியாக. ஜனங்கள் பதில் சொல்லிவிட்டார்கள். ஜெயந்த் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மராத்திச் சபையின் மூப்பர் குடையோடு வந்து நின்றார்.

மிச்சம் ஒரே ஜெபம். மொத்த ஆராதனையிலும் ஒரு மனிதரின் பெயருக்கு விட்டுவைத்திருந்த ஒரே இடம்.

"எங்களை ஆளும்படி நீர் அனுமதித்த..." என்று சுவிசேஷமுத்து ஆரம்பித்தார்.

நாக்கு வழக்கமான பாதையில் போய் வழக்கமான பெயரின் வாசலில் நின்றது. எதிரே இரண்டாவது பெஞ்சில் ராஜி. அவளுக்குப் பின்னால், பாக்கியவதி எப்போதும் உட்காருகிற இடத்தில் யாரோ குடையை வைத்திருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"...பாக்கியவதிக்கு" என்றார். "ஞானமும்..."

ஞானம் அவளுக்கு வேண்டிய அளவுக்கு மேல் இருந்தது. ஆனாலும் வாக்கியத்தை உடைத்துப் பழக்கமில்லை. "ஞானமும் சுகமும்" என்றார். "சுகமும்" என்று இன்னொரு தடவை சொன்னார். "நீண்ட ஆயுளும் கட்டளையிட்டருளும்."

"கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்றது சபை. ஒரு குரல் தடுமாறவில்லை, ஒரு தலை உயரவில்லை. எந்தப் பெயர் போனாலும் எந்தப் பெயர் வந்தாலும் அதே சுருதியில் சொல்லிப் பழகிய பதில். இத்தனை பிரதமர்களின் பெயரையும் சபை இப்படித்தான் கவனிக்காமலே கேட்டிருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் அவருக்குப் புரிந்தது.

ராஜி மட்டும் பதில் சொல்லவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இறங்கி வந்து அவள் பெஞ்சைத் தாண்டும்வரை பார்த்தாள்.

பிரசங்கத்துக்கு அவர் உட்காரவில்லை. பக்கவாசல் வழியாக வெளியேறி, நனைந்துகொண்டே மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்தார். நாட்டின் பிரதமருக்கு அந்த வாரம் தாபோடியிலிருந்து ஜெபம் போகவில்லை. தெரிந்தவரையில் அதனால் அவருக்கு ஒன்றும் நேரவில்லை.

வார்டில் கிரேக் லாப்டாப்போடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பாக்கியவதி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஈரச் சட்டையோடு வந்து நின்றவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சிட்டா? டில்லிக்காரவுகளுக்கெல்லாம் சொல்லியாச்சா?"

சுவிசேஷமுத்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். சொல்லிவிடலாம்தான். ராஜியின் முகம் கண்ணுக்குள் நின்றது. அதைவிட, நாற்பத்தெட்டு வருஷப் பொருத்தனையை உடைத்ததைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"ம்" என்றார். "வழக்கம்போலத்தான்."

பாக்கியவதி மீதிக் கஞ்சியைக் கிரேக்கிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.